பேரரசுச் சீனத்தில் தூரிகையும் வாளும்: அறிஞர்கள் அரியணையைக் கட்டுப்படுத்தினார்களா?

வினா
எழுதியவர்: நெய்தல் வாசகர்

கடந்த சில மாதங்களாகப் பேரரசுக் காலச் சீனத்தின் வரலாற்றைத் தொடர்ந்து படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி வலுத்துக்கொண்டே போகிறது. இத்துறையில் ஆழ்ந்த வாசிப்புள்ளவர்கள் இங்கே பலர் இருப்பதால் அதை உங்கள் முன் வைக்கிறேன்.

கி.மு. 136-இல் ஹான் பேரரசர் வூ, ஐந்து செவ்வியல் நூல்களுக்கென அரசவையில் புலமையாளர்களை அமர்த்தினார். 1905-இல் சிங் அரசு, அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்து வந்த குடிமைத் தேர்வை நிறுத்தியது. இந்த இரண்டாயிரம் ஆண்டுகளில் எத்தனையோ வம்சங்கள் மாறின. நாடு பலமுறை துண்டுபட்டு ஒன்றுசேர்ந்தது. ஆனாலும், பழைய நூல்களைக் கற்றவரே ஆளத் தகுந்தவர் என்ற எண்ணம் அழியவில்லை. அரசனுக்கு வானம் வழங்கிய ஆணை நிலையானதன்று, கொடுங்கோலனிடமிருந்து அது விலகிவிடும் என்று அந்த நூல்களே கற்பித்தன. இதைப் பார்க்கும்போது, அரசனைவிட உயர்ந்த ஓர் அளவுகோலைக் கையில் வைத்திருந்த அறிஞர்கள் உண்மையிலேயே வலிமை பெற்றவர்கள் என்று தோன்றுகிறது.

ஆனால் மறுபக்கம் வேறாக இருக்கிறது. எதிரியிடம் சரணடைந்த தளபதி ஒருவருக்காகப் பரிந்து பேசிய வரலாற்றாசிரியர் சிமா சியானுக்கு ஆண்மை நீக்கத் தண்டனை கிடைத்தது. அதை விதித்தவர், கன்பூசிய நூல்களை அரசவையில் ஏற்றிவைத்த அதே பேரரசர் வூ. பின்வந்த காலங்களிலும் அறிஞர்கள் சிறைப்பட்டார்கள், நாடு கடத்தப்பட்டார்கள், குடும்பத்தோடு அழிக்கப்பட்டார்கள். அப்படியானால் அந்தப் பண்பாடு அதிகாரத்தைக் கட்டுப்படுத்திய கடிவாளமா, அதிகாரம் தன் மேனியில் போர்த்திக்கொண்ட பட்டாடையா? பொதுவான விளக்கங்களைக் காட்டிலும் குறிப்பான நிகழ்ச்சிகளை முன்வைத்து விளக்கினால் பெரிதும் பயன்படும்.


மறுமொழி 1
எழுதியவர்: ஓலைச்சுவடி

குறிப்பான நிகழ்ச்சி ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். இதைப் பற்றி நான் பல ஆண்டுகளாக யோசித்து வருகிறேன்.

1402-ஆம் ஆண்டு கோடையில் யான் நாட்டு இளவரசர் ஜூ டி தம் படைகளுடன் நாஞ்சிங் நகருக்குள் நுழைந்தார். அவர் போர் தொடுத்தது தம் அண்ணன் மகனான பேரரசர் ஜியான்வெனின்மீது. அரண்மனை எரிந்தது, இளம் பேரரசர் அந்தத் தீயில் மறைந்தார். நகரம், படை, கருவூலம் அனைத்தும் வென்றவரின் கையில் இருந்தன. அந்த நிலையில் அவர் முதலில் தேடியவர்களுள் ஒருவர் ஃபாங் சியாவ்ரு என்ற அறிஞர். தம் முடிசூட்டு அறிக்கையை அவர் கையால் எழுத வேண்டும் என்று புதிய பேரரசர் விரும்பினார். அவருடைய ஆலோசகரான துறவி யாவ் குவாங்சியாவ், ஃபாங்கைக் கொல்ல வேண்டாம், கொன்றால் வானத்தின்கீழ் கல்வியின் விதையே அற்றுப்போகும் என்று முன்னரே வேண்டிக்கொண்டிருந்ததாக மிங் வரலாறு பதிவு செய்கிறது.

அவர்களிடையே நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடலைக் கவனியுங்கள். பழங்காலத்தில் சிறுவனான செங் அரசனுக்குத் துணைநின்ற சோவ் கோமகனைப் பின்பற்றவே வந்தேன் என்கிறார் வென்றவர். அப்படியானால் செங் அரசன் எங்கே என்று கேட்கிறார் ஃபாங். அவன் தீயில் மாண்டான் என்று பதில் வருகிறது. அவன் மகனை ஏன் அரியணையில் அமர்த்தவில்லை என்று அடுத்த கேள்வி எழுகிறது. கடைசியில், இது என் குடும்ப விவகாரம் என்று சொல்வதைத் தவிரப் பேரரசருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஃபாங் தூரிகையை எறிந்தார். அவரும் அவருடைய சுற்றத்தாரும் கொல்லப்பட்டனர்.

உங்கள் வினாவின் இரு பக்கங்களும் இந்த ஒரு காட்சியிலேயே அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். வாளால் நாட்டைப் பிடித்தவருக்கு, தாம் செய்தது அறம் என்று சொல்லும் வாக்கியத்தை வாளால் எழுத முடியவில்லை. அதை எழுதும் உரிமை நூல் கற்றவரிடம் இருந்தது. அந்த உரிமை மெய்யானது என்பதால்தான் பேரரசர் அவர்முன் சோவ் கோமகனின் பெயரைச் சொல்லி வாதாட வேண்டியிருந்தது. ஆயினும் மறுக்க முடிந்த அறிஞரால் தம் உயிரைக் காத்துக்கொள்ள முடியவில்லை. அவரைக் காப்பாற்றக்கூடிய நீதிமன்றமோ, படை வைத்திருந்த பிரபுக் குலமோ, அரசுக்கு வெளியே நின்ற சமய நிறுவனமோ அங்கே இருக்கவில்லை. கருத்துக்குச் சொந்தக்காரர்களாக இருந்த அறிஞர்களிடம் அதை நடைமுறைப்படுத்தும் கருவி எதுவும் இல்லை.

அந்தக் கருத்தையே திருத்த முயன்றவரும் உண்டு. மேற்சொன்ன ஜூ டியின் தந்தை ஜூ யுவான்சாங், வறிய உழவர் வீட்டில் பிறந்து, புத்த மடத்தில் இளந்துறவியாக இருந்து, கிளர்ச்சிப் படையில் சேர்ந்து, 1368-இல் மிங் வம்சத்தைத் தொடங்கியவர். நாட்டில் மக்களே முதன்மை, மண்ணுக்கும் தானியத்துக்கும் உரிய தெய்வங்கள் அடுத்த நிலை, அரசன் கடைசி என்று கன்பூசிய மரபின் பழைய அறிஞர் மென்சியஸ் எழுதியதை அவரால் பொறுக்க முடியவில்லை. அரசன் அமைச்சர்களைப் புழுதியாகவும் புல்லாகவும் நடத்தினால் அவர்கள் அவனைப் பகைவனாகப் பார்ப்பார்கள் என்ற வரி அவரை இன்னும் சினமூட்டியது. 1394-இல், லியூ சான்வூ என்ற முதிய அறிஞரின் பொறுப்பில் மென்சியஸின் நூலிலிருந்து 85 பகுதிகள் வெட்டப்பட்டன. அப்பகுதிகளிலிருந்து தேர்வில் வினா எடுக்கக்கூடாது என்றும் ஆணை பிறந்தது.

அந்த வெட்டு நிலைக்கவில்லை. ஃபாங்கைக் கொன்ற அதே ஜூ டி, யோங்லே பேரரசராக ஆண்ட காலத்தில் முழு மென்சியஸும் திரும்பி வந்தது. 1415-இல் அரசே தொகுத்து வெளியிட்ட, நான்கு நூல்கள் எனப்படும் அடிப்படைக் கன்பூசிய நூல்களின் பெருந்தொகுப்பில் அது இடம்பெற்றது. அரியணையைப் பறித்தவர் என்ற பழியைச் சுமந்தவருக்கு, மரபின் காவலராகத் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டிய தேவை தந்தையைவிட அதிகமாக இருந்தது என்பது என் புரிதல். எனவே கடிவாளமா, பட்டாடையா என்று கேட்டால், பட்டாடையாக அணிந்தவரையே அது சில இடங்களில் இறுக்கியது என்று சொல்வேன். உயிர் போகும் இடத்தில் அது யாரையும் காக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.


மறுமொழி 2
எழுதியவர்: வயல்வரப்பு

ஓலைச்சுவடி அவர்களின் விளக்கம் செறிவானது. ஆனால் அரண்மனைக்குள்ளேயே நின்று பார்த்தால் இந்த உறவின் பாதிதான் தெரியும் என்பது என் கருத்து. பண்பாடு அதிகாரமாக மாறிய முதன்மையான இடம் வட்டத் தலைநகரும் சிற்றூரும்தான்.

சிங் காலத்தில் நாட்டில் ஏறத்தாழ 1,300 வட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அரசு அனுப்பியது ஒரே ஒரு நடுவரை, அதாவது வட்டத்தை ஆளும் அதிகாரியை. அவர் தம் சொந்த மாகாணத்தில் பணியாற்றக்கூடாது என்பது விதி. ஆகவே பெரும்பாலும் அந்த ஊரின் பேச்சுமொழிகூட அவருக்குப் புரியாது. சில ஆண்டுகளில் அவர் மாற்றப்பட்டுவிடுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மக்கள்தொகை 40 கோடியை எட்டியிருந்த நாட்டில், இத்தனை சிறிய அரசு எப்படி வரி திரட்டியது, எப்படி வாய்க்கால் தூர் வாரியது, பஞ்சத்தில் எப்படி தானியம் பகிர்ந்தது? உள்ளூரில் தேர்வு எழுதித் தகுதி பெற்றிருந்த குடும்பங்களின் துணையோடுதான். முதற்படித் தேர்வில் தேறியவருக்குப் பதவி கிடைக்காது. ஆனால் கட்டாய உழைப்பிலிருந்து விலக்கு உண்டு, தனக்கென உரிய உடை உண்டு, நடுவர் அவரை எளிதில் பிரம்பால் அடித்துவிடவும் முடியாது. அந்த நடுவரும் இவரும் ஒரே நூல்களை மனப்பாடம் செய்தவர்கள். அதனால் ஊரில் நடுவரோடு சமமாக அமர்ந்து பேசக்கூடியவர் இவரே. அரசாணை ஊருக்குள் இறங்கியதும், ஊரின் குறை அரசுக்கு ஏறியதும் இவர் வழியாகத்தான்.

இந்தத் தகுதியைப் பெற என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மிங், சிங் காலங்களில் பாடம் ஜூ சி என்ற சோங் கால அறிஞர் உரை எழுதிய நான்கு நூல்களைச் சுற்றியே அமைந்தது. விடையை எட்டு உறுப்புகள் கொண்ட கட்டுரையாக வரையறுத்த வடிவில் எழுத வேண்டும். நாஞ்சிங் தேர்வு வளாகத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட சிற்றறைகள் இருந்தன. படுக்கையையும் உணவையும் தூக்கிக்கொண்டு உள்ளே சென்றவர்கள், ஒரு பலகையைப் பகலில் மேசையாகவும் இரவில் கட்டிலாகவும் வைத்துக்கொண்டு நாட்களைக் கழித்தார்கள். உழவர் மகனும் எழுதலாம் என்பது சட்டப்படி உண்மை. ஆனால் இருபது ஆண்டுகள் ஒரு மகனை வயலுக்கு அனுப்பாமல் படிக்க வைக்க எத்தனை உழவர்களால் முடியும்? சூசோவில் ஃபான் சோங்யான் 1050-ஐ ஒட்டி நிறுவிய குல அறநிலத்தைப் போன்ற ஏற்பாடுகள் உள்ள குலங்களால் முடிந்தது. பெண்களுக்கு வாயில் முற்றிலும் அடைத்தே இருந்தது. அறிஞர் ஓயாங் சியூவுக்கு அவருடைய தாய் நாணற்குச்சியால் மணலில் எழுதி எழுத்தறிவித்தார் என்று சீனர்கள் போற்றிச் சொல்கிறார்கள். அந்தத் தாய்க்குத் தேர்வு எழுதும் உரிமை இல்லை என்பது அந்தப் புகழ்ச்சியில் இடம்பெறுவதில்லை.

இதையெல்லாம் மீறித் தேர்வின் மதிப்பு எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். குவாங்சோவில் திரும்பத் திரும்பத் தோற்ற ஹோங் சியூசுவான்தான் பின்னர் சிங் அரசுக்கு எதிரான தைப்பிங் கிளர்ச்சியை வழிநடத்தினார். 1853-இல் நாஞ்சிங்கைப் பிடித்து அதைத் தம் தலைநகராக்கினார். கன்பூசிய நூல்களைப் பழித்த அவருடைய அரசும் உடனே தேர்வு நடத்தியது. பாடமாக விவிலியமும் அவருடைய சொந்த எழுத்துகளும் வந்தன. ஆட்சி என்றால் தேர்வு நடத்துவது என்பதை அவராலும் மறக்க முடியவில்லை.


வினா எழுப்பியவரின் தொடர்வினா
எழுதியவர்: நெய்தல் வாசகர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அரண்மனையையும் சிற்றூரையும் ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு இப்போது தெளிவாகிறது. ஒன்றை மட்டும் இன்னும் கேட்க விரும்புகிறேன். எல்லோரும் ஒரே நூல்களை மனப்பாடம் செய்திருந்தார்கள் என்றால், அந்த நூல்களின் மொழியிலேயே அரசை விமர்சிக்க முடிந்திருக்கும் அல்லவா? கவிஞர்கள் அதைச் செய்தார்களா? செய்தபோது என்ன நடந்தது?


மறுமொழி 3
எழுதியவர்: மூங்கில்நிழல்

செய்தார்கள். அதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு சோங் காலக் கவிஞரும் அதிகாரியுமான சூ ஷி.

1057-ஆம் ஆண்டுத் தேர்வில் தலைமைத் தேர்வாளராக இருந்தவர், மேலே குறிப்பிடப்பட்ட ஓயாங் சியூ. சோங் காலத் தேர்வில் விடைத்தாளில் பெயரை மூடி ஒட்டிவிடுவார்கள். கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் காணக்கூடாது என்பதற்காக எழுத்தர்கள் முழு விடையையும் வேறு தாளில் படியெடுத்துத்தான் தேர்வாளரிடம் கொடுப்பார்கள். அப்படி வந்த ஒரு கட்டுரையின் அழகில் மயங்கிய ஓயாங் சியூ, இது தம் மாணவர் செங் கோங்கின் எழுத்தாகத்தான் இருக்கும் என்று எண்ணி, பாரபட்சப் பழி வரக்கூடாதென்று அதை இரண்டாம் இடத்தில் வைத்தாராம். எழுதியவர் இருபது வயதைச் சற்றே கடந்த சூ ஷி. பெயரும் கையெழுத்தும் இல்லாமல், எழுத்து ஒன்றையே பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுத்த அரசு அது. அன்றைய உலகில் அதற்கு இணையான ஒன்றை நான் அறியேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1079-இல், ஹூசோவில் ஆட்சியராக இருந்த அதே சூ ஷியைக் காவலர்கள் கைது செய்து தலைநகர் கைஃபெங்குக்குக் கொண்டுவந்தார்கள். இப்போதும் சான்று அவருடைய எழுத்துதான். அமைச்சர் வாங் ஆன்ஷி தொடங்கி வைத்த புதிய சட்டங்களை அவர் கவிதைகளில் பழித்தார் என்பது குற்றச்சாட்டு. உழவர்களுக்கு விதைப்புக் காலத்தில் அரசே கடன் கொடுக்கும் திட்டத்தைப் பற்றி அவர் எழுதியிருந்தார்: கடன் வாங்கவும் கட்டவும் நகரத்துக்கு அலைந்து, ஆண்டில் பாதிக்கு மேல் அங்கேயே கழிந்ததில், பிள்ளைகளுக்கு நகரத்துப் பேச்சு நன்றாக வந்துவிட்டது, கண்ட பயன் அதுதான். உப்பு விற்பனையை அரசு இறுக்கிப் பிடித்ததைப் பற்றிய வரி இன்னும் நுட்பமானது. ஷாவ் இசையைக் கேட்டுக் கன்பூசியஸ் மூன்று மாதம் இறைச்சியின் சுவையை மறந்தார் என்பது ஒவ்வொரு மாணவனும் மனப்பாடம் செய்த செய்தி. மலைக்கிராமத்து முதியவர் ஒருவரைப் பற்றிச் சூ ஷி சொல்கிறார்: இவர் சுவையை மறந்தது ஷாவ் இசை கேட்டா? மூன்று மாதமாகச் சோற்றில் உப்பில்லை.

நெய்தல் வாசகர் கேட்ட கேள்விக்கு விடை இந்த வரியில் இருக்கிறது. கன்பூசியஸின் சொல்லையே எடுத்து அரசின் உப்புக் கொள்கையை அடிக்கிறார் கவிஞர். அந்த அடி எவ்வளவு வலிமையானது என்பது குற்றம் சாட்டியவர்களுக்கும் நன்றாகப் புரிந்தது. ஏனெனில் அவர்களும் அதே நூலைக் கற்றுத் தேறியவர்கள். பொதுவான நூல் இருந்ததால் விமர்சனம் கூர்மையாக வந்தது. அதே காரணத்தால் அதை ஒளித்துவைக்க இடமில்லாமலும் போனது. போதாக்குறைக்கு, அவருடைய கவிதைகள் அச்சாகிப் பரவியிருந்தன. அச்சிட்ட தொகுப்பையே சான்றாக முன்வைத்தார்கள்.

இன்னொரு கவிதையில் அவர் ஒரு மரத்தின் வேர் நிலத்தடி ஊற்றுகள் வரை நேராக இறங்குகிறது, அங்கே உறங்கும் நாகத்துக்குத்தான் அது தெரியும் என்று எழுதியிருந்தார். நாகம் வானில் பறக்கும் பேரரசரின் உருவகமாயிற்றே, நிலத்தடி நாகத்தைத் தேடுவது துரோகம் அல்லவா என்று ஒருவர் வாதிட்டார். அவர் மரத்தைப் பாடுகிறார், அதில் எனக்கென்ன என்று பேரரசர் ஷென்சோங் கேட்டதாகப் பதிவுகள் சொல்கின்றன. அறிஞர்களைவிட அரசர் நிதானமாக வாசித்த தருணம் அது. அறிஞர்கள் ஒருபக்கம், அரசர் மறுபக்கம் என்று இந்த வரலாற்றைப் பிரிப்பது சரியன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சூ ஷியைச் சிறைக்கு அனுப்பியவர்களும் அறிஞர்கள்தாம். நூறு நாட்களுக்கு மேல் சிறையில் கழித்தபின் அவர் ஹுவாங்சோவுக்கு அனுப்பப்பட்டார். செங்குன்றைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற படைப்புகள் 1082-இல் அங்கேதான் பிறந்தன.

அவர் 1101-இல் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கியிருந்தது ஓவியராகவும் கையெழுத்துக் கலைஞராகவும் சீன வரலாறு கொண்டாடும் பேரரசர் ஹுய்சோங்கின் ஆட்சி. அந்தக் கலைஞரின் ஆட்சியில்தான் சூ ஷி உள்ளிட்ட 309 பேரின் பெயர்களைக் கெட்ட கூட்டத்தார் என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். சூ ஷியின் நூல்களுக்குரிய அச்சுக்கட்டைகளை அழிக்க ஆணையிட்டார்கள். கலையுணர்வு மிக்க அரசன் கலைஞரிடம் கருணையாக இருப்பான் என்று எண்ணுவதற்கு இந்த வரலாறு இடம் தரவில்லை. 1170-இல் தெற்குச் சோங் பேரரசர் சியாவ்சோங் அவருக்கு மறைவுக்குப் பிந்தைய மதிப்புப் பெயரை வழங்கினார்.


மறுமொழி 4
எழுதியவர்: வடகடல்

சிங் காலத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று சேர்க்கிறேன். இதுவரை பேசியவர்கள் பண்பாடு என்றால் கன்பூசிய மரபு என்று வைத்துக்கொண்டே பேசினார்கள். 1644-இல் பெய்ஜிங்கைப் பிடித்த மஞ்சுக்கள், அதாவது சிங் வம்சத்தை நடத்திய வடகிழக்கு மக்கள், சீன அறிஞர்களை அந்த மரபாலேயே ஈர்த்தார்கள் என்பது உண்மை. 1679-இல் சிறப்புத் தேர்வு ஒன்றை நடத்தி, விலகி நின்ற அறிஞர்களை அழைத்தார் பேரரசர் காங்சி. 1684-இல் கன்பூசியஸின் சொந்த ஊரான சூஃபூ சென்று கன்பூசியஸ் கோவிலில் மண்டியிட்டு வணங்கினார். ஆனால் மங்கோலியரிடமும் திபெத்தியரிடமும் அவர்கள் பேசிய மொழி பௌத்தம். சியான்லோங் பேரரசர் செங்தேயில் லாசாவின் பொட்டாலா அரண்மனையை மாதிரியாகக் கொண்டு 1771-இல் ஒரு பெருங்கோவிலைக் கட்டி முடித்தார். திபெத்திய ஓவியங்களில் தம்மை மஞ்சுஸ்ரீ போதிசத்துவராகவே வரையச் செய்தார். ஒவ்வொரு மக்களுக்கும் அவரவர் மரபின் அரசராகத் தோன்றியதில்தான் அந்தப் பேரரசின் பரப்பு நின்றது.

அதே சியான்லோங் 1770-களில் தொடங்கிய நான்கு களஞ்சியங்களின் முழுத்தொகுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 3,460 நூல்கள், ஒவ்வொரு படியும் 36,000-க்கும் மேற்பட்ட தொகுதிகள், ஏழு படிகள். அத்தனையும் கையால் எழுதப்பட்டவை. அதற்காக நாடெங்கிலும் திரட்டிய நூல்களிலிருந்தே, மஞ்சுக்களை இழிவுபடுத்துபவை என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளைத் தடைசெய்தார்கள். 1777-இல் ஜியாங்சியைச் சேர்ந்த வாங் சிஹோவ் கொல்லப்பட்டார். காங்சி அகராதி பயன்படுத்தக் கடினமாக இருக்கிறதென்று எளிய அகராதி ஒன்றைத் தொகுத்தவர் அவர். பேரரசர்களின் சொந்தப் பெயர்களை எழுதக்கூடாது என்று மாணவர்களை எச்சரிப்பதற்காகவே அந்தப் பெயர்களை முன்னுரையில் அச்சிட்டிருந்தார். அதுவே அவர் குற்றம். மரபைக் காப்பதும் மரபை வடிகட்டுவதும் அங்கே ஒரே கையால், ஒரே அலுவலகத்தில் நடந்தன.


மறுமொழி 5
எழுதியவர்: ஓலைச்சுவடி

வயல்வரப்பு அவர்களின் திருத்தத்தை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். நான் அரண்மனையைத் தாண்டிப் பார்க்கவில்லை என்பது உண்மை. என் முதல் மறுமொழியில் விட்டுப்போன ஒன்றும் அவர் சொன்னதோடு பொருந்தி வருகிறது. மென்சியஸை வெட்டிக் கொடுத்த லியூ சான்வூதான் 1397-ஆம் ஆண்டுத் தேர்வுக்கும் தலைமை வகித்தார். தேறியவர்கள் அனைவரும் தென்னாட்டவராக அமைந்தனர். வடவர்கள் கொதித்தெழுந்தார்கள். மறுபடியும் திருத்திப் பார்த்த அதிகாரிகள் முடிவு நேர்மையானதே என்றார்கள். ஆனால் பேரரசர் தேர்வாளர்கள் சிலருக்கு மரண தண்டனை கொடுத்தார், முதியவரான லியூவை எல்லைக்கு அனுப்பினார், தாமே மறுதேர்வு நடத்தி வடவர்கள் 61 பேரைத் தேர்ந்தெடுத்தார். நூல் அறிவை மட்டும் அளந்தால் செல்வமும் அச்சுத்தொழிலும் செழித்த தெற்கே வென்றுகொண்டிருக்கும். வடக்கு அரசைத் தன்னுடையதாகக் கருதாமல் போய்விடும். அந்தக் கொடுமைக்குப் பின்னால் அரசியல் கணக்கு ஒன்று இருந்தது. 1420-களில் வடக்குக்கும் தெற்குக்கும் தனித்தனி இட ஒதுக்கீடு வந்ததை வைத்துப் பார்த்தால், அந்தக் கணக்கு தவறில்லை என்றே தோன்றுகிறது. எந்தக் குற்றமும் செய்யாத தேர்வாளர்கள் அதற்கு உயிரைக் கொடுத்தார்கள் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

கடைசியாக, 1905-ஐப் பற்றி. தலைநகர அளவிலான இறுதித் தேர்வு 1904-இல் கைஃபெங் நகரில் நடந்தது. பெய்ஜிங்கின் தேர்வு வளாகம் 1900-ஆம் ஆண்டு பாக்ஸர் கிளர்ச்சிக் கலவரத்தில் அழிந்திருந்தது. அடுத்த ஆண்டு தேர்வு முறையே நிறுத்தப்பட்டது. ஊர்க் குடும்பங்களை அரியணையோடு கட்டியிருந்த கயிற்றை அரசே அறுத்துக்கொண்டது என்று சொல்லலாம். 1912 பிப்ரவரியில் கடைசிப் பேரரசர் முடி துறந்தபோது அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை அவருக்காக எழவில்லை. 1904-ஆம் ஆண்டுத் தேர்வில் முதலிடம் பெற்ற தான் யான்கை, பின்னர் குடியரசின் பக்கம் சேர்ந்து 1928-இல் தேசியவாத அரசின் தலைவராகவும் இருந்தார். நாஞ்சிங்கில் சுன் யாட்-சென்னின் நினைவிடத்துக்கு ஏறிச் செல்பவர்கள் வழியில் ஒரு பெரிய கல்வெட்டைக் காண்பார்கள். பேரரசை ஒழித்தவரின் கல்லறையை அறிவிக்கும் அந்தக் கல்வெட்டின் எழுத்துகள் தான் யான்கையின் தூரிகையிலிருந்து வந்தவை.